ஆங்கில மரபுத்தொடர்களும் நம் அன்றாட வழக்கும்

(மூன்றாமாண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்)



இக்கட்டுரையை ஒரு சோடிக் காலுறையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றுவிட்டு, கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தை விரும்பி எடுத்தவன் நான். முதற்பருவத்தின் முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினேழு மதிப்பெண் வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் நான்கு சொற்கள் எழுதப்பட்டிருந்தன: 'புல் அப் யுவர் சாக்ஸ்'. நான்கும் எனக்குத் தெரிந்த சொற்களே. 'உன் காலுறையை மேலே இழுத்துவிடு' என்று பொருள் கொண்டேன். அந்நாள்வரை நான் காலுறை அணிந்தவனல்லன். ரப்பர் செருப்போடுதான் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தேன். அதைத்தான் கண்டிக்கிறார்கள் போலும் என்று எண்ணி வீட்டில் சொன்னேன். "வாத்தியாரு சொன்னா அதுல காரணம் இருக்கும்டா" என்றார் அப்பா. குறுவை அறுவடையில் கிடைத்த கூலியை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சீர்காழிக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய், ஒரு சோடிக் கறுப்புக் காலணியும் இரண்டு சோடிக் காலுறையும் வாங்கித் தந்தார்.

அதன்பின் நாள்தோறும் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த தேர்வில் பத்தொன்பது மதிப்பெண். ஓரத்தில் அதே நான்கு சொற்கள். பேருந்தில் என் தாளைப் பார்த்த மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு என் காலைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தம்பி, சாக்ஸைச் சொல்லலப்பா. இன்னும் நல்லா முயற்சி பண்ணிப் படின்னு எழுதியிருக்காங்க" என்றார்.

எழுதியவர் மேல் குற்றமில்லை. நான் முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். என் மேலும் குற்றமில்லை என்றே இன்று நினைக்கிறேன். சொற்கள் தெரிந்திருந்தும் தொடர் தெரியாமற் போகலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவே. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

மரபுத்தொடர் என்பது யாது?

சொற்கள் தத்தம் நேர்ப்பொருளை விட்டுவிட்டு, எல்லாம் கூடி வேறொரு பொருளைத் தருமாயின் அதை மரபுத்தொடர் என்கிறோம். பழமொழி வேறு, மரபுத்தொடர் வேறு. பழமொழி தனியே நின்று ஓர் உண்மையைச் சொல்லும். மரபுத்தொடரோ வாக்கியத்தின் உறுப்பாகி, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வளைந்து நிற்கும்.

இஃது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. 'அவன் கம்பி நீட்டிவிட்டான்' என்கிறோம். கையில் கம்பியும் இல்லை, நீட்டவும் இல்லை. ஆள் ஓடிவிட்டான் என்பதே பொருள். 'காதில் பூச்சுற்றுகிறான்', 'கயிறு திரிக்கிறான்', 'வாலாட்டுகிறான்' என்பனவும் அவ்வாறே. நம் ஊருக்குப் புதிதாக வரும் வெள்ளைக்காரர் அகராதியைப் புரட்டிக்கொண்டு இவற்றுக்குப் பொருள் தேடினால், காலுறை வாங்கிய என் நிலைதான் அவருக்கும்.

நம் இலக்கண நூலார் இவ்வகை வழக்குகளை நன்கு அறிந்திருந்தனர். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். ஆங்கிலேயர் 'பாஸ்ட் அவே' என்பதும் அதே மங்கலந்தான். இந்த ஒற்றுமையை வகுப்பில் உணர்ந்த அன்றே ஆங்கிலத்தின்மேல் எனக்கிருந்த பாதி அச்சம் அகன்றது.

கடல் தந்த தொடர்கள்

ஒரு மக்கள் கூட்டம் எந்தத் தொழிலில் நெடுங்காலம் வியர்வை சிந்தியதோ, அந்தத் தொழிலிலிருந்தே அதன் மரபுத்தொடர்கள் பிறக்கின்றன. ஆங்கிலேயர் கடலோடிகள். ஆதலின் அவர்கள் பேச்சில் கப்பல் மிகுதி. பூம்புகாரில் வாழும் நமக்கு இது புரியாத செய்தியன்று. பாய் களையாமல், பாரம் குறைக்காமல் பெருங்கலங்கள் புகாரின் முகத்துவாரத்தில் புகுந்ததைப் புறநானூறு சொல்கிறது. துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களைப் பட்டினப்பாலை அடுக்குகிறது. நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி உலகமெங்கும் மிதக்கிறது. இனி, அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய சில தொடர்களைக் காண்போம்.

'லர்ன் த ரோப்ஸ்' என்றால் ஒரு வேலையின் நெளிவு சுளிவுகளைக் கற்றல். பாய்மரக் கப்பலில் எண்ணற்ற கயிறுகள் தொங்கும். எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று அறிவதே புதிய மாலுமிக்கு முதற்பாடம்.

'டேக்கன் அபேக்' என்றால் திடுக்கிட்டுப் போதல். எதிர்பாராமல் காற்று முன்பக்கமிருந்து மோதி, பாய்களைக் கொம்பின்மேல் அழுத்திக் கப்பலைத் திணறச் செய்யும் நிலையிலிருந்து இது வந்தது.

'பை அண்ட் லார்ஜ்' என்றால் மொத்தத்தில், பெரும்பாலும். காற்றை ஏறக்குறைய எதிர்த்து ஓடுவது ஒரு வகை. காற்று பின்னிருந்து தள்ள ஓடுவது மற்றொரு வகை. இரண்டு ஓட்டங்களையும் குறித்த சொற்கள் சேர்ந்தே இத்தொடர் ஆயிற்று.

'ஷோ ஒன்ஸ் ட்ரூ கலர்ஸ்' என்றால் உண்மையான குணத்தைக் காட்டிவிடுதல். இங்கே 'கலர்ஸ்' என்பது நிறமன்று, கப்பலின் கொடி. வேற்று நாட்டுக் கொடியோடு ஏமாற்றி நெருங்கிவிட்டு, கடைசியில் சொந்தக் கொடியை ஏற்றுவர். நாம் 'சாயம் வெளுத்துவிட்டது' என்கிறோம். பொருள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அவர்கள் மாலுமியிடமிருந்து பெற்றதை நாம் சாயத்தொழிலாளியிடமிருந்து பெற்றோம்.

நமக்கும் நீரிலிருந்து வந்த தொடர்கள் உண்டு. 'மூன்று பெண்களையும் கரையேற்றிவிட்டார்', 'நட்டாற்றில் விட்டுவிட்டான்' என்று காவிரிக் கரையில் நாள்தோறும் பேசுகிறோம்.

வயல் தந்த தொடர்கள்

வயல் பக்கம் வந்தால் இரு மொழிகளும் கைகோத்து நடப்பதைக் காணலாம். 'வீட் அவுட்' என்பதும் நம் 'களையெடுத்தல்' என்பதும் ஒன்றே, வேண்டாதவரை நீக்குதல். 'செப்பரேட் த வீட் ஃப்ரம் த சாஃப்' என்றால் கோதுமையையும் உமியையும் பிரித்தல். விவிலியத்தின் வழியாக ஆங்கிலத்தில் பரவிய உவமை இது. நெல் விளையும் நாட்டில் நாம் மணியென்றும் பதரென்றும் பிரிக்கிறோம்.

இன்னும் அழகிய ஒன்று உண்டு. 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்பது ஆங்கிலப் பழமொழி. வெயில் அடிக்கும்போதே புல்லை உலர்த்திக்கொள் என்பது நேர்ப்பொருள். நாம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறோம். இரண்டும் வாய்ப்பு உள்ளபோதே பயன்படுத்திக்கொள் என்றுதான் சொல்கின்றன. அங்கே அடிக்கடி மழை. மாட்டுத் தீவனத்துக்கான புல் நனைந்தால் அழுகிவிடும். ஆகவே வெயில் அருமையானது. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. களத்தில் நெல்லைத் தூற்றக் காற்றுத்தான் வேண்டும். இரண்டு நாட்டு உழவர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே அறிவுரையைத் தத்தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்!

தட்பமும் வெப்பமும்

நிலம் மாறினால் தொடரின் சுவையும் மாறும். 'வார்ம் வெல்கம்' என்பது அன்பான வரவேற்பு. குளிர் நாட்டில் வெதுவெதுப்பே இன்பமாதலின், அன்பை அவர்கள் வெப்பமாகக் கண்டனர். 'கோல்ட் ஷோல்டர்' என்றால் முகங்கொடுத்துப் பேசாமை. நமக்கோ அடிக்கிற வெயிலில் குளிர்ச்சியே இன்பம். 'மனம் குளிர வாழ்த்தினார்', 'கண் குளிரக் கண்டேன்', 'வயிறு குளிர்ந்தது' என்கிறோம். சூடு என்றால் நமக்குச் சண்டை: 'சூடான வாக்குவாதம்', 'நன்றாகச் சூடு கொடுத்தான்'. ஆகவே 'வார்ம் வெல்கம்' என்பதைச் 'சூடான வரவேற்பு' என்று பெயர்த்தால், விருந்தினர் வாசலோடு திரும்பிவிடக் கூடும்.

'கோல்ட் ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் துணிவு இழத்தல். மேடை ஏறுமுன் நம்மில் பலருக்கு வருவது இதுதான். அதைக் 'கால் சில்லிட்டுவிட்டது' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், பாட்டி அலறிவிடுவார்!

ஒன்றுபோல் தோன்றி வேறுபடுவன

முற்றிலும் தெரியாத தொடர் அவ்வளவு ஆபத்தானதன்று, அகராதியைப் பார்ப்போம். தெரிந்ததுபோல் தோன்றும் தொடரே நம்மை ஏமாற்றும். சில எடுத்துக்காட்டுகள்:

(1) 'ஒயிட் எலிஃபெண்ட்': பயனின்றிப் பெருஞ்செலவு வைக்கும் பொருள். சயாம் நாட்டு அரசர் தமக்குப் பிடிக்காதவருக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார் என்றும், அதைத் தீனி போட்டுக் காக்க முடியாமல் அவர் அழிவார் என்றும் கதை வழங்குகிறது. இன்று தமிழ் இதழ்களும் வீண்செலவுத் திட்டங்களை 'வெள்ளை யானை' என்று எழுதுகின்றன. ஆனால் நம் மரபில் வெள்ளை யானை இந்திரனின் ஐராவதம். இதே புகார் நகரில் அதற்குக் கோயிலே இருந்தது. சிலப்பதிகாரம் அதை வெள்யானைக் கோட்டம் என்று குறிக்கிறது. ஒரு நாட்டில் சுமையானது மற்றொரு நாட்டில் தெய்வமாயிற்று!

(2) 'ஹிட் த நெயில் ஆன் த ஹெட்': மிகச் சரியான கருத்தைச் சொல்லிவிடுதல். நம் 'ஆணித்தரமாகப் பேசினார்' என்பது உறுதியாகப் பேசுவதைக் குறிக்கும். ஆணித்தரமாகப் பேசுகிறவர் தவறாகவும் பேசலாம். முன்னதில் தவறுக்கு இடமில்லை.

(3) 'ஓப்பன் த ஃப்ளட்கேட்ஸ்': நேர்ப்பொருள் 'மதகைத் திறத்தல்'. 'மடை திறந்த வெள்ளம்போல் பேசினார்' என்பது நமக்குப் பாராட்டு. ஆங்கிலத்திலோ, ஒருமுறை இடங்கொடுத்தால் பின் தடுக்க முடியாதபடி வந்து குவியும் தொல்லையையே பெரும்பாலும் இது குறிக்கும்.

(4) 'ஸிட் ஆன் த ஃபென்ஸ்': எந்தப் பக்கமும் சேராமல், முடிவு சொல்லாமல் நழுவுதல். 'மதில்மேல் பூனை' இதற்கு நேரானது என்று பலரும் எழுதுகிறோம். பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று நமக்குத்தான் தெரியாது. அது குதிக்கத்தான் போகிறது. வேலிமேல் உட்கார்ந்தவரோ இறங்க மனமில்லாதவர்.

(5) 'ஹார்ட்பர்ன்': பொறாமையைக் குறிக்கும் நம் வயிற்றெரிச்சலை நினைத்துக்கொண்டு மருத்துவரிடம் இச்சொல்லைச் சொன்னால், அவர் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பார்.

தமிழுக்கு வந்து குடியேறியவை

செய்தித்தாள் வழியாகப் பல தொடர்கள் தமிழில் வந்து நிலைத்துவிட்டன. அரசு அலுவலகக் காலதாமதத்தைச் 'சிவப்பு நாடா' என்கிறோம். அலுவலகத் தாள்களைச் சிவப்பு நாடாவால் கட்டிவைத்த வழக்கத்திலிருந்து பிறந்தது அது. 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' என்பது மறைத்து வைத்த செய்தி வெளிப்படுவதைக் குறிக்கும் 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' என்பதன் பிள்ளை. 'முதலைக் கண்ணீர்' என்பதும் அவ்வாறு பெருவழக்குப் பெற்றதே. இரையைத் தின்னும்போது முதலை அழும் என்ற பழைய மேலைநாட்டு நம்பிக்கை அதன் அடிப்படை. 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்ற நம் பழமொழி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. இரவலை வைத்துக்கொள்வோம், சொந்தத்தையும் மறவாதிருப்போம்.

சில இடங்களில் நம் மரபே இனிமையாக இருக்கிறது. அவர்கள் ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்கிறார்கள். நாமோ பறவைகளை விட்டுவிட்டு இரண்டு மாங்காய்களை அடிக்கிறோம்!

பயன்படுத்தும் முறை

தேர்வுக்காக நூறு தொடர்களை நெட்டுருப் போடுவதைவிடப் பத்துத் தொடர்களைச் சரியாக வழங்குவது மேல். நான் பட்டறிந்த சில நெறிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, தொடரின் சொற்களை மாற்றக் கூடாது. 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதை 'டாக்ஸ் அண்ட் கேட்ஸ்' என்று திருப்பினால் மழை நின்றுவிடும். பாடநூல்களில் புகழ்பெற்ற அத்தொடரை இன்று ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் அதிகம் வழங்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொட்டுகிற மழையை 'இட்ஸ் போரிங்' என்று எளிமையாகக் கூறிவிடுவர்.

இரண்டாவது, இடமறிந்து பேசவேண்டும். 'கிக் த பக்கெட்' என்பதற்கு இறத்தல் என்பதே பொருள். ஆனால் அது 'மண்டையைப் போட்டான்' என்பது போன்ற பேச்சு. தாத்தாவின் மறைவுக்கு விடுப்புக் கேட்கும் விண்ணப்பத்தில் அதை எழுதினால், விடுப்பும் கிடைக்காது, மதிப்பும் கிடைக்காது. அங்கே 'பாஸ்ட் அவே' என்பதே தகும்.

மூன்றாவது, நம்மிடையே மட்டும் செல்லுபடியாகும் ஆங்கிலத்தை அறிந்து வைத்திருக்கவேண்டும். 'பாடத்தை பைஹார்ட் பண்ணினேன்' என்கிறோம். அங்கே அது வினைச்சொல்லன்று. 'லர்ன் பை ஹார்ட்' என்பதே முழுத்தொடர். 'மை நேட்டிவ் இஸ் பூம்புகார்' என்பது நிரம்பாத வாக்கியம். கல்லூரிப் படிப்பை முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்கிறோம். ஆங்கில நாட்டார் பலருக்கு அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். 'நான் சென்ற ஆண்டு கல்லூரியில் மயங்கி விழுந்தேன்' என்று நேர்காணலில் சொன்னால் யார் வேலை தருவார்? 'ஐ கிராஜுவேட்டட்' என்று சொன்னால் தீர்ந்தது.

நான்காவது, உப்பைப்போல் அளவாகச் சேர்க்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு தொடர் போதும். நேரே சொல்லக்கூடியதை நேரே சொல்வதே நல்ல ஆங்கிலம். நல்ல தமிழும் அதுவே.

ஐந்தாவது, புதிய தொடரைக் கண்டால் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளலாம்: எந்த வாக்கியத்தில் கண்டோம், அது எந்தத் தொழிலிலிருந்து வந்தது, நம் வீட்டில் அம்மா அதை எப்படிச் சொல்வார். மூன்றாவதை எழுதிவிட்டால் தொடர் மறக்கவே மறக்காது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்குப் பக்கத்தில் 'அத்தி பூத்தாற்போல்' என்று எழுதிய நாளிலிருந்து நான் அதை மறந்ததில்லை. 'லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்' என்பதற்கு எனக்கு அகராதியே தேவைப்படவில்லை. 'கைக்கும் வாய்க்கும் சரியாப் போகுது' என்று எங்கள் வீட்டில் மாதந்தோறும் கேட்டிருக்கிறேன்.

முடிவுரை

வழக்கமாக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பார்கள். தலைமடைக்காரர் நாற்று விடும்போதும் கடைமடையில் இருக்கும் நாம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆங்கிலமும் நமக்கு அப்படித்தான். சற்றுப் பிந்தி வருகிறது. பிந்தி வருவதனால் நிலம் மோசமானது என்று எந்த உழவரும் சொல்வதில்லை.

நமக்கு அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காகத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். சில ஆண்டுகளில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடும் அளவுக்குத் தேர்ந்தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சென்றவரும் உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் 1869-இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலப் பேச்சைக் கேட்டவர்கள் அவரைச் 'சில்வர் டங்' உடையவர் என்று போற்றினர். நேரே பெயர்த்தால் வெள்ளி நாக்கு. நம் வழக்கில் தேனொழுகப் பேசுபவர். அந்தப் பட்டமும் ஒரு மரபுத்தொடர்தான்!

ஆகவே, இவ்வாண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கையரே! தெரியாத தொடரைக் கண்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேளாதிருந்ததற்கு நான் கொடுத்த விலை எங்கள் வீட்டின் சில நாள் கூலி. பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். முதலாண்டு விடைத்தாளின் ஓரத்தில் ஒரு மரபுத்தொடரை எழுதும்போது, அதனடியில் அதன் பொருளையும் ஒரு வரி எழுதியருள்க. அந்த ஒரு வரி ஒரு மாணவனுக்கு ஒரு பருவத்தையே மிச்சப்படுத்தும்.

அந்தக் காலணிகள் இப்போதும் வீட்டில் இருக்கின்றன. உண்மையான பொருளை அப்பாவிடம் சொன்னபோது அவர் வருந்தவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப இன்னும் நல்லாப் படின்னுதானே சொல்லியிருக்காங்க? அதுக்கும் சேத்துத்தான் வாங்கிக் குடுத்தேன், போ!" என்றார். அவ்வாண்டு இறுதித் தேர்வில் நான் ஆங்கிலத் தாளில் தேறினேன்.